குண்டூசி குத்திய சட்டை

எங்கள் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் கமா. ‘வணக்கம் மேடம்’ என்று ஒரே மூச்சில் சொன்னால், நடுவில் ஒரு கமா நிறுத்தவில்லை என்பதுபோல் முறைப்பார். அந்த அம்மையாரிடம் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். போன வருடம் அவருக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. விழா மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று நாள் யோசித்து நாலு வார்த்தை கண்டுபிடித்தேன்: நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார். எண்ணிப் பாருங்கள், சரியாக நாலு. நடுவில் கமாவும் உண்டு.

மலர் வரவில்லை. விழாவும் நடக்கவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கும் அவருக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். நானும் சட்டம் படிக்க வந்தவள்தான். சர்வதேச மனித உரிமைச் சட்டம் என்று அவர் நடத்திய தாளில் மூன்று முறை கோட்டை விட்டேன். மூன்றாவது முறை விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘இந்த வாக்கியத்தில் எங்கே மூச்சு விடுவது?’ மதிப்பெண் நாற்பத்தெட்டு. தேறுவதற்கு ஐம்பது வேண்டும். இரண்டு மூச்சு போதாமல் என் வக்கீல் கனவு செத்தது. வீட்டு நிலைமைக்குச் சும்மா இருக்க முடியாது. சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு, விதியைப் பாருங்கள், அதே துறைக்கு வேலைக்கு வந்தேன். முதல் நாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “நீ அந்த நாப்பத்தெட்டுதானே?” என்றார். அன்றிலிருந்து என் பெயர் அதுதான்.

அவருடைய அப்பா கோர்ட்டில் பெயர் கூப்பிடும் சேவகர். வராந்தாவில் நின்று மூன்று முறை கூப்பிடுவார். ஆள் வராவிட்டால் கேஸ் போச்சு. பள்ளிக்கூடம் விட்டதும் மகள் அங்கேதான் வந்து உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டும் வராதவர்கள் எங்கே போனார்கள் என்று அப்பாவைத் துளைத்து எடுப்பாளாம். இதெல்லாம் அம்மையார் சொல்லி எனக்குத் தெரியாது. அவருடைய கணவர் சொன்னது. கணவர் பல் மருத்துவர். உலகத்தில் அவர் ஒருவர் முன்னால்தான் அம்மையார் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். ஒரே மகள், கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். ஆரம்பத்தில் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா அதைச் சிவப்பு மையில் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்பினார். இப்போது மகள் போன் மட்டும்தான் செய்கிறாள். அதுவும் அப்பாவின் நம்பருக்கு.

அம்மையார் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மனித உரிமைச் சட்டம் என்றாலே துறையில் சிரிப்பார்கள். சொத்துச் சட்டம் நடத்துபவருக்கு மாடியில் காற்றோட்டமான அறை. கம்பெனிச் சட்டத்துக்கு ஏ.சி. இவருக்குக் கழிப்பறையை ஒட்டின அறை, அதுவும் உடைந்த பெஞ்சுகளை அப்புறப்படுத்திவிட்டுக் கொடுத்தது. “உங்க பாடத்துல பாஸ் பண்ணினா பசங்களுக்கு எந்தக் கம்பெனிம்மா வேலை குடுக்கும்?” என்று அன்றைய துறைத்தலைவர் கேட்டாராம். “மொதல்ல பாஸ் பண்ணட்டும் சார், அப்புறம் பார்க்கலாம்” என்றாராம் இவர். அந்த வருடம் பதினேழு பேரில் நாலு பேர் தேறினார்கள். ஆளைப் பற்றி இதற்குமேல் என்ன சொல்ல.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற கமா. வெளிநாட்டில் ஒரு பெரிய மாநாடு; பல தேசத்துப் பிரதிநிதிகள் உட்கார்ந்து ஒரு வழிகாட்டு நெறியை வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருவரைக் கைது செய்வது, சிறையில் வைப்பது, விசாரணைக்கு அழைத்துச் செல்வது எல்லாம் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். அந்த ஆங்கில வாக்கியத்தில் ஓர் இடத்தில் கமா இல்லாவிட்டால் மேற்பார்வை கடைசியாகச் சொன்னதற்கு மட்டும்தான். கமா இருந்தால் மூன்றுக்கும். இவர் மூன்று நாள் மல்லுக்கு நின்றார். கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் கெஞ்சினார்கள், கோபப்பட்டார்கள், காபிக்குப் போய்விட்டு வந்தார்கள். இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் கமா விழுந்தது. நாலாம் பத்தி, இரண்டாம் வரி. இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இவருக்கு மாடியில் அறை, சுவரில் மாநாட்டுப் படம், உலகம் பூராவும் அழைப்பு. ஊரில் உள்ள காணாமல்போனவர்களின் குடும்பங்கள் எல்லாம் எங்கள் மாடிப்படி ஏறத் தொடங்கின. அவர்களுக்காக, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ஒரு சர்வதேசக் குழுவுக்கு மனு எழுதுவதுதான் அதன் பிறகு அவருடைய உயிர். அதை நான் மறுக்க மாட்டேன். எனக்குப் பிடிக்காதது ஆள், வேலை இல்லை.

அப்படி ஏறி வந்தவர்களில் ஒருவர்தான் தையல்காரம்மா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு கடை. அவருடைய கணவர் தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சாதாரண உடுப்பில் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதன் பிறகு அந்த மனிதரை யாரும் பார்க்கவில்லை. எந்த அலுவலகத்தில் கேட்டாலும், அப்படி ஒருவரை நாங்கள் கைது செய்யவே இல்லை என்றார்கள்.

அம்மையார் கேள்வி கேட்டார், தையல்காரம்மா பதில் சொன்னார், நான் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

“அவருக்குப் புதுச் சட்டை தச்சு, போட்டு அளவு பாத்துக்கிட்டு இருந்தேன் மேடம். தோள்ல ரெண்டு, பக்கவாட்டுல நாலு, குண்டூசி குத்தியிருந்தேன். நாலு பேர் வந்தாங்க. அஞ்சு நிமிஷம் பேசணும்னாங்க. ஊசி குத்தின சட்டையோடயே கூட்டிட்டுப் போனாங்க.”

“அடிச்சாங்களா?”

“இல்ல.”

“கையப் பிடிச்சு இழுத்தாங்களா?”

“இல்ல மேடம். இல்லாததச் சொல்ல மாட்டேன். கூட்டிட்டுப் போனாங்க.”

குழுவுக்குப் போகும் மனுவில் சம்பவச் சுருக்கம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நான் தட்டச்சு செய்து கொடுத்ததில் அம்மையார் சிவப்புப் பேனாவோடு இறங்கினார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு: வாக்குமூலத்தில் கண்ணீரும் கூடாது, துணிமணியும் கூடாது, தேதியும் செயலும் போதும். குண்டூசி வரி இரண்டையும் அடித்தார். ஓரத்தில் ‘தேவையற்றது’ என்று எழுதினார். பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ‘கூட்டிட்டுப் போனாங்க’ என்பது ‘அவர் அவர்களோடு சென்றார்’ என்று பொருள் வரும்படி விழுந்தது.

நாம் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், மனைவியைச் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், போலீஸும் ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறது. யாருடைய விருப்பம் என்பது நம் காதுக்குத் தானாகக் கேட்கும். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்தக் காது அறுந்துவிட்டது. ஒரு கமாவுக்காக மூன்று நாள் சண்டை போட்டவர், ஒரு வினைச்சொல்லை மூன்று நிமிடத்தில் கடந்துபோனார்.

இறுதிப் பிரதியை நான்தான் அடித்தேன். குண்டூசி வரி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. சட்டம் தேறாதவள்தான், ஆனால் கண் குருடில்லை. ஊசி குத்தின சட்டையோடு எவனாவது தானாக வெளியே கிளம்புவானா என்று எனக்கே தோன்றியது. வாயைத் திறந்தால், “நாப்பத்தெட்டு, உன்னக் கேட்டேனா?” என்பார். எனக்கென்ன வந்தது என்று அடித்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துக் குழுவின் பதில் வந்தது. மனு தள்ளுபடி. மனுதாரரின் வாக்குமூலப்படியே அவருடைய கணவர் வந்தவர்களோடு தாமாகவே சென்றிருக்கிறார். ஆகவே அவர் பிடித்துச் செல்லப்பட்டதாகக் கொள்ள முகாந்திரம் இல்லை. உறையைப் பிரித்துப் படித்தவள் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படித்ததும் எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. கமா சறுக்கிவிட்டார்! இருபது வருடமாக எல்லோருடைய மூக்கையும் உடைத்தவருக்கு மூக்கு உடைந்தது! அந்தக் குளிர்ச்சி மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. தையல்காரம்மா படியேறி வந்து, “பதில் வந்துடுச்சாம்மா?” என்று கேட்டார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வழி இருந்தது. மனுவைத் தாக்கல் செய்தவரே, அதாவது அம்மையாரே, ஒரு வருடத்துக்குள் தம்முடைய பிழை இன்னது என்று எழுதிக் கையெழுத்திட்டு, மூல வாக்குமூலத்தையும் அனுப்பினால் மனுவை மறுபடி எடுத்துக்கொள்வார்கள். மூல வாக்குமூலம் என் சுருக்கெழுத்து நோட்டில் பத்திரமாக இருந்தது. வேண்டியது ஒரு கையெழுத்து.

அதைத்தான் அம்மையார் போடவில்லை.

தையல்காரம்மா திங்கட்கிழமை தோறும் வந்தார். அன்று அவர் கடைக்கு விடுமுறை. வராந்தா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மையார் வகுப்பு முடித்து வரும்போது எழுந்து நிற்பார்.

“மேடம், அந்தக் கையெழுத்து...”

“மொழிபெயர்ப்புல தப்பு இல்லம்மா. ரெண்டு அர்த்தமும் வரும். குழுதான் தப்பாப் படிச்சிருக்கு. நான் அதப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக்கிட்டு இருக்கேன்.”

“கட்டுரை எழுதினா அவரு வந்துருவாரா மேடம்?”

அம்மையார் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் நோட்டை எடுத்துப்போய் அவர் மேசையில் விரித்து வைத்தேன். பார்க்கக்கூட இல்லை. “பூட்டி வை” என்றார். தவறு செய்துவிட்டோம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. சொல்லிப் பழகாத வார்த்தை. இதில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. அதே குழுவில் ஓர் உறுப்பினர் இடத்துக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. குழுவுக்கே தவறான வாக்குமூலம் அனுப்பினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவது? ஆக, ஒரு பெண்ணின் கணவன் ஒரு பக்கம், ஒரு நாற்காலி மறு பக்கம். அம்மையார் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கல் நெஞ்சு என்று நினைத்தேன். இப்போதும் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு வருடக் கெடு முடியப் பன்னிரண்டு நாள் இருந்தபோது பல்கலைக்கழகம் பாராட்டு விழாவை அறிவித்தது. மேடைக்குப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கறுப்பு அங்கி வந்தது. ஆறடி ஆள் யாருக்கோ தைத்தது. அம்மையார் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. போட்டுப் பார்த்தார், கூடாரம் அடித்தது போல் இருந்தது.

“யாராவது தையக்காரங்க இருந்தா வரச் சொல்லு, நாப்பத்தெட்டு.”

“எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க மேடம்.”

நல்லெண்ணத்தில் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அம்மையாரின் முகம் நான் ஆசைப்பட்டபடியே வெளுத்தது. ஆனால் தையல்காரம்மா மனுவைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. வந்த வேலையில் கண்ணாக இருந்தார். அங்கியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தோளைத் தூக்கிப் பிடித்தார். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகக் குத்தினார். தோளில் இரண்டு, பக்கவாட்டில் நாலு, கீழ் ஓரம் சுற்றி ஏழு.

“கொஞ்சம் நடங்க மேடம்.”

அம்மையார் இரண்டு அடி வைத்தார். “ஸ்! குத்துதும்மா.”

“குத்தத்தான் செய்யும். அப்படியே வெளிய போய் வாசல் கேட் வரைக்கும் நடந்துட்டு வந்தீங்கன்னா இறக்கம் சரியாத் தெரியும்.”

“வெளியவா? என்னம்மா பேசறீங்க, ஊசி குத்தின துணியோட யாராவது தெருவுக்குப் போவாங்களா?”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. நின்ற இடத்தில் நின்றார்.

தையல்காரம்மா கீழே உட்கார்ந்து ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. “அதத்தான் மேடம் நான் அன்னிக்குச் சொன்னேன்.”

அவர் வேண்டுமென்றே அந்தப் பேச்சுக்குக் கொண்டுபோனாரா, எல்லா வாடிக்கைக்காரர்களையும் நடக்கச் சொல்வது போல்தான் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. அம்மையாரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. சிரிக்கலாம் என்றுதான் அங்கே நின்றிருந்தேன். சிரிப்பு வரவில்லை.

அம்மையார் தோளில் இருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்து, “அன்னிக்கு அவரு போட்டிருந்தது என்ன கலர்?” என்று கேட்டார்.

“வெளிர் நீலம் மேடம். கை இன்னும் வெக்கல.”

“நாப்பத்தெட்டு, உக்காரு. நோட்ட எடு. எழுதிக்கோ. இல்ல, நேரா அடிச்சுடு.”

அங்கியோடு, ஊசிகளோடு, அசையாமல் நின்றபடியே கடிதத்தைச் சொன்னார். ஆங்கிலத்தில்தான். மனுதாரர் சொன்னது இது. நான் எழுதியது இது. நான் நீக்கிய வரிகள் இவை. அவற்றை நீக்கியதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. தடுமாறாமல் சொன்னார். இதற்கு முன் மனத்துக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருந்தாரோ. பிறகு ஒரு வாக்கியம்: இந்தப் பிழை என்னுடையது மட்டுமே.

அந்த ‘மட்டுமே’யில் என் விரல் நின்றுவிட்டது.

“என்ன?”

அந்த வரிகளைப் பேனாவால் அடித்தது அவர். அடித்தது தப்பு என்று தெரிந்தே இயந்திரத்தில் அடித்தது நான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

“ஒண்ணுமில்ல மேடம்.”

“அப்ப அடி.”

அடித்தேன். அம்மையார் அங்கியின் கையைச் சுருட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தையல்காரம்மா அதுவரைக்கும் ஓர் ஊசியையும் எடுக்கவில்லை. மை காய்ந்த பிறகுதான் எடுக்க ஆரம்பித்தார்.

கடிதம் போனது. நாலாம் நாள் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. விழா ரத்து. மாடி அறையைக் கம்பெனிச் சட்டக்காரர் கேட்டிருப்பதாக வராந்தாவில் பேச்சு. அவர் எப்போது சறுக்குவார் என்று எதிர்பார்த்தவர்கள் எல்லாம் ‘பாவம்’ என்று வாயளவில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அம்மையார் மறுநாளும் நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குப் போனார். குழு மனுவை மறுபடி எடுத்துக்கொண்டுவிட்டது. பம்பு மெக்கானிக் எங்கே என்று சம்பந்தப்பட்டவர்கள் இப்போது எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.

தையல்காரம்மா கடிதத்தின் நகல் ஒன்று வாங்கிப்போய், யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தார்.

“தப்பு மேடத்தோடது மட்டுமேன்னு போட்டிருக்காமே?”

“ஆமாம்மா.”

“அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டது நீங்கதானே?”

“ஆமா.”

அவர் போய்ப் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயந்திரம், யாரும் சொல்லாமல், ஒரு கடிதம் அடித்தேன். குழுவுக்குத்தான். நான் இன்னார், இன்ன வேலையில் இருக்கிறேன், நீக்கப்பட்ட வரிகளைப் பற்றி எனக்குத் தெரியும், தெரிந்தும் பேசவில்லை. மூன்று வரி. வேலைக்கு ஆபத்து வரலாம், வரட்டும். அம்மையாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை படித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தார். கிழிப்பார் என்றோ, உன்னைக் கேட்டேனா என்பார் என்றோ நினைத்து நின்றேன். இரண்டாவது வரியில் ஓர் இடத்தில் கமா போட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

“மறுபடி அடிச்சு, கையெழுத்துப் போடு.”

போட்டேன். அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. கமா விழுந்த இடம் மட்டும் சரி.